அடைப்பை எடுத்த பிறகும் இதயம் ஏன் பலவீனமாக இருக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். ஆறு வருடமாகச் சுகர் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் வெட்டுக்குப் போனவர், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தார். கேஸ் என்று நினைத்து இஞ்சி தட்டிப்போட்டுக் கட்டன் சாயா கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, மறுநாள் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு முழுவதும் சரியாகிவிட்டது என்றார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் காகிதத்தில் இதயத்தின் பம்பிங் 38 சதவீதம் என்று இருக்கிறது. அடைப்பை எடுத்த பிறகும் ஏன் இப்படி? ரத்தம் திரும்பப் பாயும்போதே இதயம் கொஞ்சம் சேதமாகும் என்று நர்சிங் படிக்கிற என் அண்ணன் மகள் சொல்கிறாள். அது உண்மையா? அதைத் தடுக்க மருந்து இருந்தும் எங்களுக்குத் தராமல் விட்டுவிட்டார்களா? ஒரு மாத்திரையால் இருமல், இன்னொன்றால் தலைசுற்றல் என்று இரண்டை அவரே நிறுத்திவிட்டார். திரும்ப எப்போது வேலைக்குப் போகலாம்? ராத்திரி நாலைந்து தடவை எழுந்து அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அவசரமானது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. இரண்டு மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். கூடவே அனுப்பியிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தேன். இருமலுக்குக் காரணம் ராமிப்ரிலாக இருக்கும், தலைசுற்றலுக்கு மெட்டோப்ரோலால். அவருடைய இதயத்தை இப்போது தாங்கிப் பிடிக்க வேண்டிய மருந்துகளில் முக்கியமான இரண்டு இவைதான். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, ஸ்டென்ட் வைத்த மருத்துவரை நாளைக்கே போய்ப் பாருங்கள். நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். எந்த அளவில் தொடங்குவது என்று அவர் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துச் சொல்வார். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதை இனி சொல்கிறேன். முடிந்தால் இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த நாலு மணி நேரம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்தவுடன் தசை மொத்தமும் ஒரே நேரத்தில் சாவதில்லை. இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி அலை மாதிரி மெல்லப் பரவும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உள்பக்கத் தசை சாகத் தொடங்கிவிடும். வெளிப்பக்கத் தசை பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நாலாவது மணி நேரத்தில் ஊசி போட்டதால் உங்கள் கணவருக்குக் கொஞ்சம் தசை போயிருக்கிறது, கணிசமான தசை பிழைத்தும் இருக்கிறது. இன்னும் சீக்கிரம் போயிருந்தால் இன்னும் நல்லது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இதில் உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி மழுங்கலாக, கேஸ் போலத்தான் பல சமயம் வரும். என்னிடம் வருகிற பாதிப் பேர் முதலில் சோடாவோ இஞ்சியோ குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், படித்தவர்களும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் அண்ணன் மகள் சொன்னது. அவள் படித்தது உண்மை.

பேச்சிப்பாறை அணையில் ஷட்டரைத் திறந்து சானலில் தண்ணீர் விடுகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் வெடித்துக் கிடக்கிறது, தண்ணீர் வராவிட்டால் பயிர் செத்தது. வந்தே ஆக வேண்டும். ஆனால் காய்ந்து கிடந்த சானலில் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வரும்போது கரை மண்ணை அரித்துக்கொண்டு வரும். சருகும் குப்பையும் அடித்து வந்து சின்ன மடைகளில் அடைத்துக்கொள்ளும். பெரிய சானலில் தண்ணீர் நிறைய ஓடும், கடைமடை வயல் மட்டும் நனையாமல் கிடக்கும். அடைப்பு திறக்கும்போது இதயத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆக்சிஜன் இல்லாமல் தவித்த செல்லில் அமிலம் சேர்ந்திருக்கும், உப்புகளின் கணக்கு தாறுமாறாகியிருக்கும். ரத்தம் சட்டென்று திரும்பியதும் ஆக்சிஜனிலிருந்து தீங்கு செய்யும் மூலக்கூறுகள் கொத்தாக உண்டாகும். கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் பாயும். செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளைகள் திறக்கும். அதுவரை உயிரோடு இருந்த சில செல்கள் அந்த முதல் சில நிமிடங்களில் செத்துப்போகும். அதோடு, முடியைவிட மெல்லிய நுண்குழாய்கள் வீங்கிப்போய், உடைந்த கட்டியின் துகள்களாலும் அடைபடும். ஆஞ்சியோ படத்தில் பெரிய குழாய் பளிச்சென்று திறந்திருக்கும், அது ஊட்ட வேண்டிய தசைக்குள் ரத்தம் சரியாக இறங்காது. உங்களிடம் அடைப்பு முழுவதும் சரியாகிவிட்டது என்று சொன்னது பெரிய குழாயைப் பற்றி. அது பொய்யில்லை.

இதை 1960ல் அமெரிக்காவில் ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களின் இதயத்தில் பார்த்து எழுதினார்கள். விலங்குச் சோதனைகளில், கடைசியில் மிஞ்சும் சேதத்தில் பாதி வரைகூட இப்படி ரத்தம் திரும்புவதால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு அடைப்பைத் திறக்காமலே இருந்திருக்கலாமோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திறக்காவிட்டால் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும்பகுதி போயிருக்கும், ஒருவேளை ஆளே போயிருப்பார். தண்ணீர் கரையை அரிக்கும் என்பதற்காக யாரும் ஷட்டரை மூடி வைப்பதில்லை.

தடுக்க மருந்து இருந்தும் தரவில்லையா என்ற சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படி ஒரு மருந்துக்காக உலகம் முழுவதும் முப்பது, நாற்பது வருடமாகத் தேடியிருக்கிறார்கள். 1986ல் ஒரு அதிசயமான சோதனை வந்தது. நாயின் இதயக்குழாயை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டு, அப்புறம் நீண்ட நேரம் அடைத்தால், சேதம் கால் பங்காகக் குறைந்தது. சின்னச் சின்னப் பட்டினியால் இதயம் பெரிய பட்டினிக்குப் பழகிக்கொள்கிறது. மாரடைப்பு சொல்லிவிட்டு வராது என்பதால், கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி அழுத்தி அழுத்தி விட்டு அதே பலனைப் பெறலாமா என்று பார்த்தார்கள். 2019ல் வெளிவந்த ஆய்வில் இங்கிலாந்து, டென்மார்க் முதலிய நாடுகளின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்தும் பலன் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் துளையை மூடும் சைக்ளோஸ்போரினை 970 பேரிடம் பரிசோதித்தார்கள். 2015ல் முடிவு வந்தது, அதிலும் பலன் இல்லை. உங்கள் கணவருக்கு மூக்கில் ஆக்சிஜன் வைக்காமல் இருந்திருந்தால் அதையும் குறையாக நினைக்க வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் லாபமில்லை என்பதை 2017ல் ஸ்வீடனில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டிவிட்டது. அந்த நாளில் எங்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் குழாயைச் சீக்கிரம் திறப்பது. அதை அவருக்குச் செய்திருக்கிறார்கள்.

சரி, போன தசையை இனி என்ன செய்வது? அது திரும்ப முளைக்காது. ரப்பர் மரத்தில் கத்தி ஆழமாக இறங்கித் தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் ஆறும் என்று உங்கள் கணவருக்குத் தெரியும். இதயத்தில் பட்டை என்ற அளவுக்குக்கூட வராது, தழும்புதான் வரும். அந்தத் தழும்பு உறுதிப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இப்போது மூன்றாவது வாரம். அந்த இடம் இன்னும் இளசாக இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளிருந்து வருகிற அழுத்தத்தில் அது மெலிந்து, அகன்று, இழுபட்டுப் போகலாம். பக்கத்திலிருக்கும் நல்ல தசையும் கூடுதல் பாரம் சுமந்து களைத்து, இதயம் முழுவதும் பலூன் போலப் பெருக்கத் தொடங்கும். பின்னால் மூச்சுத்திணறலும் கால்வீக்கமுமாக வருகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். முதல் நாள் சேதத்தை நாம் மாற்ற முடியாது. இந்த இழுபடுதலைத் தடுக்க முடியும், அதற்கு நல்ல ஆதாரமுள்ள மருந்துகள் உங்கள் வீட்டு டப்பாவிலேயே இருக்கின்றன.

ராமிப்ரில் ஒரு பிரஷர் மாத்திரை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிரஷர் இல்லாத எனக்கு எதற்கு என்று அவரும் நினைத்திருப்பார். அது இங்கே பிரஷருக்காகக் கொடுத்தது இல்லை. இதயச் சுவர் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்து, அது அகலாமல் பிடித்து வைக்கத்தான் கொடுக்கிறோம். இதே குடும்பத்தைச் சேர்ந்த காப்டோப்ரிலை, மாரடைப்புக்குப் பின் பம்பிங் 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 2,231 பேரிடம் பார்த்தார்கள். 1992ல் முடிவு வந்தது. மருந்து இல்லாதவர்களில் நூற்றுக்கு 25 பேர் இறந்திருந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 20 பேர். பம்பிங் 38 என்ற உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்.

இருமல் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும், சளி இல்லாமல் தொண்டையில் அரிப்பது போன்ற வறட்டு இருமல். மருந்தை மாற்றினால் போதும். வால்சார்ட்டான் போன்ற அடுத்த வகை மருந்தில் இந்த இருமல் அவ்வளவாக வராது, மாரடைப்புக்குப் பின் காப்டோப்ரிலுக்கு இணையாக வேலை செய்கிறது என்று 2003லேயே நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். படுத்தால் இருமல் அதிகமாகிறதா, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதா? அப்படியென்றால் அது மாத்திரையால் வந்த இருமலாக இல்லாமல், நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அறிகுறியாக இருக்கலாம். இதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன்.

மெட்டோப்ரோலால் இதயத்தின் வேகத்தைக் குறைத்து ஓய்வு கொடுக்கும், ஆபத்தான துடிப்புக் கோளாறுகளையும் தடுக்கும். இதைச் சட்டென்று நிறுத்தினால் இதயம் கட்டவிழ்த்த மாதிரி வேகமெடுக்கும். மாரடைப்பு வந்த இதயத்துக்கு அது நல்லதில்லை. தலைசுற்றலுக்கு வழி இருக்கிறது. மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்காமல் காலை, இரவு என்று பிரிக்கலாம், அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம். படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். சீட்டில் டாபாகிளிஃப்ளோசினும் இருக்கிறது. அது சுகருக்கும் இதயத்துக்கும் சேர்த்துத்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாப்பிட முடியாத நாளில் அதைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். உபவாச ஜெபத்துக்கோ விரதத்துக்கோ பட்டினி இருப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எப்லெரினோன் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் இதயம் அகலாமல் காக்கிற நல்ல மருந்து. ஆனால் அதுவும் ராமிப்ரிலும் சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அளவு மீறினால் இதயத்துடிப்பே குழம்பும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் குலையும் மட்டிப்பழச் சீப்புமாகத்தான் வருவார்கள். அன்போடு கொண்டுவருவது, ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. ஒரு பழம் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. தினமும் இரண்டு மூன்று இளநீர் வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதும் வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தான். பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை இதுவரை செய்யவில்லையென்றால் நாளைக்கே செய்துவிடுங்கள்.

ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. சிரட்டையில் வடியும் பால் தானாக உறைவது மாதிரி, புதிதாக வைத்த உலோகத்தில் ரத்தம் உறையப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஒரு வருடம், அதற்குப் பிறகும் ஒன்று தொடரும். சில வருடங்களுக்கு முன் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சிகிச்சையில் இருந்தார். ஸ்டென்ட் வைத்து ஐந்தாவது மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில், ஒரு வாரத்துக்கு இரண்டையும் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் அதே குழாய் அடைத்து, நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார், படகில் போகிற தெம்பு மட்டும் திரும்பவே இல்லை. முதல் நாளே இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. அதனால் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: பல், கண், மூலம், எதற்காக யார் நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பெரும்பாலான பல் வேலைகளை மாத்திரையை நிறுத்தாமலே செய்ய முடியும்.

வெட்டுக்காரர்களுக்கு முதுகுவலி சகஜம். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் சகஜம். இனி அது கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரும். வலி என்றால் பாரசிட்டமால் போதும். நாட்டு மருந்து, வர்ம வைத்தியம் எல்லாம் நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவை, அவற்றை நான் பழிப்பதில்லை. ஆனால் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியையும் லேகியத்தையும் இந்த மாத்திரைகளோடு கலக்க வேண்டாம். நெஞ்சில் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவதும் இப்போது வேண்டாம்.

அந்த 38 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது என்று நினைக்கிறேன். இதயம் நூற்றுக்கு 38 பங்குதான் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நல்ல இதயமும் தன்னுள் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்பில் 55, 60 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். அறுபதை வைத்துத்தான் முப்பத்தெட்டை ஒப்பிட வேண்டும், நூறை வைத்து ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, பம்பிங்கை அளக்கும் அந்த எக்கோ ஸ்கேன் எடுத்தது மாரடைப்பு வந்த ஒன்றிரண்டு நாளில். அப்போது உயிரோடு இருந்தும் அடிபட்ட அதிர்ச்சியில் வேலை செய்யாமல் கிடக்கும் தசை நிறைய உண்டு. திகைத்துப்போன தசை என்ற பொருளில் 1982லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அது நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மெல்ல விழித்துக்கொள்ளும். ஆறாவது வாரத்திலும் மூன்று மாதம் முடிந்தும் எக்கோ எடுத்துப் பாருங்கள். 38 என்பது 45, 50 என்று ஏறிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களிடம்தான் பெரும்பாலும். மூன்று மாதத்துக்குப் பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், துடிப்புக் கோளாறிலிருந்து காக்க ஐ.சி.டி. என்ற கருவி வைப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதை அப்போது பார்ப்போம்.

வேலை விஷயம். எட்டு வாரம் முடிகிற வரை பால் வெட்டு வேண்டாம். கத்தி பிடிப்பதில் பிரச்சினை இல்லை. சரிவில் ஏறி இறங்குவதும், நிறைந்த பால் வாளியைத் தூக்கி நடப்பதும்தான் பாரம். அதற்காகக் கட்டிலிலேயே கிடக்கவும் விடாதீர்கள், அது இன்னொரு கெடுதல். இப்போது காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் சமதளத்தில் நடக்கட்டும், சாப்பிட்டவுடனே வேண்டாம். கூட நீங்களும் போங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி, பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். எட்டாவது வாரத்தில், ஆறாவது வாரம் எடுத்த எக்கோவையும், மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, முதலில் குறைந்த மரங்கள், பால் சுமக்க வேறு ஆள் என்று தொடங்கலாம். நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்று: இரண்டு மாடிப்படி திணறாமல் ஏற முடிகிறவருக்குத் தாம்பத்தியத்தால் ஆபத்தில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை கையில் இருப்பவர் ஆண்மைக்கான மாத்திரைகளை மட்டும் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. கருவாடு, ஊறுகாய், பப்படம், சிப்ஸ் நிறுத்துங்கள், எல்லாம் உப்புக்காக. சாளையும் அயிலையும் நல்லவை, குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம், அரைக்கிற தேங்காயைப் பாதியாக்குங்கள். மரச்சீனி சுகரை ஏற்றும். பீடியும், புகையிலை போட்ட வெற்றிலையும் இந்த மூன்று வாரத்தில் நின்றிருந்தால் அப்படியே நிற்கட்டும், எந்த மாத்திரைக்கும் குறையாத பலன் அதில் இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி ஒன்று போட்டுவிடுங்கள். மாரடைப்புக்குப் பின் அதைப் போட்டவர்களில் இறப்பு குறைந்ததை 2021ல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

மறுபடி நெஞ்சு அடைத்தால் உட்கார வைத்து, சார்பிட்ரேட் தந்திருந்தால் நாக்கின் கீழே ஒன்று வைத்து, ஐந்து நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 108க்கு அழையுங்கள், பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் பக்கத்து வெட்டுக்காரர்களுக்கும் சொல்லி வையுங்கள்: தமிழக அரசு 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். விடியற்காலையில் தோட்டத்தில் நெஞ்சு அடைத்தவரை வீட்டுக்கு அழைத்துவந்து சாயா போடுகிற நேரத்தில் அங்கே போய்விடலாம்.

கடைசியாக, ராத்திரி எழுந்து மூச்சைப் பார்ப்பது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன் தினமும் அவர் எடையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்கிறாரா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இதயம் திணறத் தொடங்குவதை ராத்திரி மூச்சைவிட இந்த நோட்டு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ராத்திரி அவரே மூச்சு முட்டி எழுந்தால் உங்களை எழுப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் தூங்குங்கள். நாளைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதல் பக்கத்தில் நாளைய எடையை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.